போல்பூர் ஆசிரமத்து உபாத்தியாயர்கள்

பிள்ளையை அயலூர் விடுதிப் பள்ளியிற் சேர்க்கச் செல்லும் தாய்தந்தையர் ஆங்குள்ள கட்டடம், உணவு, குடிநீர், கட்டணம் ஆகிய யாவற்றையும் நுணுகி விசாரிப்பர். தம் பிள்ளையோடு இரவும் பகலும் உறையப்போகும் உபாத்தியாயர் யாவர், அவர்க்கு அத்தொழிலில் உள்ள விருப்பம் எத்தகையது என்று கேட்பாரோ மிகச் சிலர். கேட்பினும் விடை பெறுதல் எளிதன்று. நல்லுபாத்தியாயர் தாம் பாடஞ்சொல்வதில் அடையும் இன்பத்தைப் பற்றி வாய்திறந்து பேசுவது குறைவு. அவர் செய்தவற்றைக் கொண்டே அதனை நாம் உய்த்துணர வேண்டும். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவும் ஆண்டுதோறும் பிள்ளைகளை வெளியூர் விடுதிகளுக்கு அனுப்புவன ஆதலின், வங்காள தேசத்தில் 1901ஆம் ஆண்டில் தோன்றிய ஒரு விடுதிப் பள்ளியின் பழைய உபாத்தியாயர் சிலரைப் பற்றி இவண் எழுதத் துணிந்தேன். அதனை நிறுவிய கவியரசர் இரவீந்திரநாத தாகூரை அறியாதார் இலர். அவரோடு நின்று பாடஞ்சொன்னவர்களை நம் நாட்டில் அறிந்தார் அரியர்.

கல்கத்தாவிற்கு வடமேற்கே, வீர்பூம் ஜில்லாவில், போல்பூர் என்னும் ஊரையடுத்துச் செம்மண் மேட்டு நிலம் ஒன்று உளது. கவியின் தந்தையாராகிய மகரிஷி தேவேந்திரநாதர் அவ்வெளியில் நின்ற ஏழிலைப்பாலை மரங்களின் நிழலிலே தங்கி, அவ்விடத்தின் அமைதியில் மனம் பறிகொடுத்து, 1863இல் இருபது பிகா நிலத்தைக் குத்தகைக்குப் பெற்றார். தியானத்திற்கென ஒரு வீடு எழுப்பி அதற்குச் சாந்திநிகேதனம் எனப் பெயரிட்டார். 1888இல் அவ்விடத்தை ஒரு தருமச் சொத்தாக எழுதிவைத்தார். அந்நிலத்திலேதான் 1901 டிசம்பர் 22ஆம் நாள் இரவீந்திரர் தம் பிரமசரியாசிரமத்தைத் தொடங்கினார். அன்று சேர்ந்த மாணாக்கர் ஐவர். அவருள் ஒருவர் கவியின் மூத்த குமாரர் ரதீந்திரநாதர். தாம் சிறுவயதிற் பள்ளிக்கூடத்தைச் சிறையெனக் கருதி வெறுத்து நீங்கியவர் தாமே ஒரு பள்ளி தொடங்கியது அந்நாளிற் பலர்க்கு நகைப்பாயிருந்திருக்கும்.

முதலில் மாணாக்கரிடம் கட்டணம் வாங்கும் வழக்கமில்லை. மகரிஷியின் தருமச் சொத்திலிருந்து சிறு தொகை கிடைத்தது; அது போதாதாயிற்று. கவி பூரியிலிருந்த தம் வீட்டை விற்றார். மனைவியார் மிருணாளினி தேவியார் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். அவ்வம்மையார் பிள்ளைகளுக்குத் தம் கையாலே சமைத்தும் இட்டார். பள்ளி தொடங்கி ஓராண்டு நிறையுமுன், 1902 நவம்பரில், அவர் காலமானார். அடுத்த ஆண்டு கவியின் மகள் ரேணுகை மறைந்தாள். 1907இல் இளைய மகன் சமீந்திரனும் மறைந்தான். இத்துணைத் துயரின் நடுவே பள்ளி நடைபெற்றதெனின் அதற்குக் காரணம் கவியின் மனவுறுதி ஒன்றே என்று எழுதுவோர் உளர். யான் அவ்வாறு நினைக்கின்றிலேன். கவி ஊரிலில்லாத நாட்கள் பல; பிள்ளைகளோ அங்கேயே இருந்தனர்; அவர்களோடு உபாத்தியாயர்களும் இருந்தனர்.

தொடக்கத்தில் உதவியவர் பிரமபாந்தவ உபாத்தியாயரும் அவர் சீடராகிய சிந்து தேசத்து ரேவாசந்தரும் ஆவர். இருவரும் கத்தோலிக்க சமயம் தழுவியவர்கள். அவர்களே பழைய குருகுல முறையில் ஒரு பள்ளி அமைக்கத் துணைநின்றது வியப்பான செய்தி. ஆயின் அவர்கள் நெடுநாள் தங்கினாரல்லர். பின் வந்து தங்கியவரைப் பற்றியே என் கட்டுரை.

அங்கே நாள் எவ்வாறு கழிந்தது என்பதை முன்னர்ச் சொல்லவேண்டும். இருள் புலராமுன் பாடுவார் சிலர் பாடிக்கொண்டே விடுதியைச் சுற்றி வருவர். அதுவே துயிலெழுப்பும் மணி. பிள்ளைகள் தத்தம் அறையைப் பெருக்கி, கிணற்றில் நீராடி, சிறிதுநேரம் தனித்தமர்ந்து மௌனமாயிருப்பர். பின்னர் ஒவ்வொருவனும் தன் ஆசனப்பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாமரத்தின் கீழோ சாலமர வரிசையின் கீழோ தன் வகுப்பு நடைபெறும் இடத்திற்குச் செல்வான். உபாத்தியாயரும் தரையிலேயே அமர்வார். மழை வரின் வகுப்புக் கலையும். இரவில் உபாத்தியாயர்கள் மாணாக்கர் துயிலும் கூடங்களிலேயே படுத்துறங்கினர். மாணாக்கர் தம்முள் தலைவரைத் தேர்ந்து, குற்றங்களைத் தாமே விசாரித்துக் கொண்டனர். பிள்ளைகள் உபாத்தியாயரை, அண்ணன் என்னும் பொருள்பட, பெயரோடு 'தா' என்னும் ஈறு சேர்த்து அழைக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது.

ஒரு சிறுவன் மரத்தின்மேல் ஏறிக் கிளையிலமர்ந்து படித்தானாக, தலைமையாசிரியர் அதுகண்டு மனம் பொறாது கவியிடம் முறையிட்டார் என்றும், மனிதன் மரக்கிளையையும் நாற்காலியையும் ஒருங்கு வைத்துத் தன் விருப்பம்போல் ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தக்க பருவம் குழந்தைப் பருவம் ஒன்றேயாம் என்று கவி அவர்க்குச் சமாதானம் கூறினார் என்றும் அவரே பிற்காலத்தில் ஒரு சொற்பொழிவில் உரைத்திருக்கின்றார். அத்தலைமையாசிரியர்மீது எனக்குச் சிறிது இரக்கம் உண்டு. பையன் விழுந்து கையை முறித்துக்கொண்டால் தந்தைக்குக் கடிதம் எழுதவேண்டியவர் அவரன்றோ?

அவ்வாசிரமத்து இளவயது உபாத்தியாயருள் ஒருவர் சதீசசந்திர ராயர். 1882இல் பிறந்தவர். கல்லூரியிற் படித்துக்கொண்டிருந்தபோது, நண்பர் அஜித்குமார சக்கரவர்த்தியின் வாயிலாகக் கவியை அடுத்தார். பட்டம் பெற்று உத்தியோகம் தேடிக் குடும்பத்தைத் தாங்கவேண்டிய நிலையிலிருந்தும், பரீட்சையைக் கைவிட்டுப் பள்ளிக்கு வந்தார். ஆங்கிலக் கவிஞர் பிரௌனிங்கினிடத்து அவர்க்கு அளவிறந்த ஈடுபாடு. அவர் பாடஞ்சொன்ன முறையைக் கவி நெடுநாட் கழித்தும் மறந்திலர். பிள்ளைகளுக்கு ஏற்றது இது, ஏலாதது இது என்று அளந்து பாராமல், தமக்கு எதிற் சுவை பிறந்ததோ அதனையே அவர்முன் படிப்பாராம், பேசுவாராம். சொல்லுக்குச் சொல் விளங்கவில்லையே என்னும் ஏக்கம் அவர்க்கு இல்லை. பிள்ளையின் உள்ளம் விழித்தெழுந்தாற் போதும், பொருள் பின்னே வரும் என்பது அவர் நம்பிக்கை. வெயிலிலும் நிலவிலும் பிள்ளைகளை வெளியே அழைத்துச்சென்று, நடந்துகொண்டே பாடஞ்சொன்னார்.

பாரதத்தில் வரும் உதங்கர் கதையைக் கொண்டு 'குருதட்சிணை' என ஒரு சிறு நூலைச் சதீசர் சிறுவர்க்காக எழுதினார். குருவின் மனைவியார் விரும்பிய குண்டலங்களைக் கொணரப் புறப்பட்ட சீடனின் கதை அது. 1904 பிப்ரவரி மாதத்தில், ஆசிரமத்திலேயே, பெரியம்மை கண்டு அவர் இறந்தார். வயது இருபதைச் சிறிதே கடந்திருந்தது. பணிசெய்த காலம் ஏறக்குறைய ஓராண்டு. நோய் பரவும் என்றஞ்சிப் பள்ளியையே சிலமாதம் பத்மா நதிக்கரையிலுள்ள சிலைதாவிற்கு மாற்றினர். ஓராண்டுப் பணிக்கு இத்துணை நினைவு நிலைத்தல் எவ்வாறு என்று யான் பலமுறை எண்ணியதுண்டு. அவர் பிள்ளைகளைத் தமக்குச் சமமான வாசகராக மதித்தார் என்பதன்றி வேறு விடை எனக்குத் தோன்றவில்லை. நம் பள்ளிகளில் 'இது உனக்கு விளங்காது, விடு' என்னும் சொல்லை ஒரு நாளில் எத்தனை முறை கேட்கின்றோம்!

சதீசர்க்கு நேர்மாறான இயல்பினர் ஜகதானந்த ராயர். அவர் கணக்கும் விஞ்ஞானமும் கற்பித்தவர். அவர் முதலில் கவியின் ஜமீனில் கணக்கு வேலையில் அமர்ந்திருந்தார். பத்திரிகையிற் பதிப்பித்த விஞ்ஞான வினாக்களுக்கு அவர் எழுதியனுப்பிய விடைகளின் தெளிவைக் கண்டே கவி அவரைத் தேடிப்பிடித்தார். ஜமீன் கணக்கிலிருந்து மரத்தடிக்கு மாறியபின் அவர் மீளவேயில்லை. ஏறக்குறைய முப்பதாண்டுகள் பள்ளியோடு இணைந்திருந்து, 1933இல் காலமானார். அவர் நூல்களின் பெயர்களைக் கேண்மின்: கோள்களும் விண்மீன்களும், பூச்சிகள், மரஞ்செடிகள், வங்காளத்துப் பறவைகள், மீனும் தவளையும் பாம்பும். ஒரு செம்மண் மேட்டில் சிறுவன் ஒருவன் கண்டு 'இது யாது?' என்று வினவக்கூடிய யாவும் அப்பட்டியலில் அடங்கும். பகலில் காலடியிற் கிடப்பனவும் இரவில் தலைக்குமேல் தோன்றுவனவுமே அவர்க்குப் பாடப்புத்தகம். பிள்ளைகள் கேட்ட வினாக்களே அந்நூல்களுக்கு வித்து என்பது அவற்றைப் புரட்டினோர்க்கு எளிதில் விளங்கும். தாய்மொழியிலே விஞ்ஞானம் சொல்ல இயலுமோ என்று படித்தோர் ஐயுற்றிருந்த காலத்தில், ஒரு பள்ளி உபாத்தியாயர் அதனைச் சொல்லியே காட்டினார்.

இனி, யான் மிகுதியும் சொல்ல விரும்பியது ஹரிசரண வந்தியோபாத்தியாயர் வரலாறு.

ஹரிசரணர் 1867இல் பிறந்தவர். வறுமையால் பட்டப்படிப்பை முடிக்க இயலாது, கவியின் பதிசர் ஜமீன் கச்சேரியில் ஒரு சிறு உத்தியோகத்தில் இருந்தார். ஜமீனைப் பார்வையிட வந்த கவி, பகலிற் கச்சேரி வேலை செய்யும் நீர் இரவில் யாது செய்கின்றீர் என்று கேட்டனர். வடமொழி படிக்கின்றேன், ஒரு கையெழுத்துப் பிரதியைச் செப்பஞ்செய்கின்றேன் என்று அவர் விடையிறுத்தார். கவி அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சின்னாட் கழித்து, வடமொழி அறிந்த அவ்வூழியரைச் சாந்திநிகேதனத்திற்கு அனுப்புக என்று ஜமீன் காரியஸ்தர்க்குக் கடிதம் வந்தது. இவ்வாறு 1902இல் ஹரிசரணர் வடமொழி உபாத்தியாயர் ஆயினார்.

1905இல், வங்கமொழிக்கு ஒரு நல்லகராதி இல்லையே, நீர் செய்யலாகாதா என்று கவி அவரைக் கேட்டார். அப்போது அவர்க்கு வயது முப்பத்தெட்டு. பகலெல்லாம் வகுப்பு, எஞ்சிய வேளையில் அகராதி. உதவிக்கு ஒருவருமில்லை. தாமே நூல்களைப் படித்து, தாமே சொற்களைக் குறித்து, தாமே அகரவரிசைப்படுத்தினார். 1911இல் பொருள் முட்டுப்பாட்டால் வேலை நின்றது. கல்கத்தா சென்று ஒரு கல்லூரியிற் பாடஞ்சொல்லலானார். அகராதி கிடப்பிற் கிடந்தது. கவி காசிம்பசார் மகாராஜா மணீந்திரசந்திர நந்தியிடம் சென்று பேசி, மாதம் 50 ரூபாய் உதவித்தொகை பெற்றுத்தந்தார். ஹரிசரணர் மகிழ்ந்து மரத்தடிக்கே மீண்டார்.

கையெழுத்துப் பிரதி முடிய ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் சென்றன. அச்சிடப் பணமில்லாமற் பின்னும் பல ஆண்டுகள் சென்றன. அச்சுவேலை 1932இல் தொடங்கிச் சிறுசிறு பகுதிகளாக நடந்தேறி, 105 பகுதிகளோடு 1940களின் நடுவில் நிறைவெய்தியது. பொருளுதவிய மகாராஜா 1929இலேயே காலமாயினார்; ஏவிய கவி 1941இல் மறைந்தார். இருவரும் முடிந்த நூலைக் கண்டிலர். தொடங்கும்போது நடுவயதினராயிருந்த உபாத்தியாயர், முடிக்கும்போது எண்பதை நெருங்கிக் கண்ணொளி மங்கியிருந்தார். இதே காலத்தில்தான் நம் சென்னைச் சர்வகலாசாலையின் தமிழகராதியும் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதற்கு ஒரு குழுவும், பண்டிதர் பலரும், அரசாங்கப் பொருளும் இருந்தன. அங்கே ஒரு பள்ளி உபாத்தியாயர் தனியாயிருந்தார். எதனையும் தாழ்த்த இதனைச் சொல்கின்றேனல்லேன். சுமையின் அளவு தெரியவேண்டிச் சொல்கின்றேன்.

அகராதி செய்பவர் பாடஞ்சொல்வதில் விருப்பற்றிருப்பர் என்று நினைக்கத் தோன்றும். இவரோ 1932 வரை, முப்பதாண்டுகள், சிறுவர்க்குச் சந்தியும் தாதுவும் சொல்லிக்கொண்டேயிருந்தார். அகராதிக்கு முன்னரே, பிள்ளைகளுக்கெனக் கவி தொடங்கிவைத்த வடமொழிப் பாலபாடத்தை நிறைவுசெய்தவரும் இவரே. ஒரு சொல்லின் பிறப்பைச் சிறுவனுக்கு விளங்கவைப்பதும் அதனை நாட்டுக்கு விளங்கவைப்பதும் இவர்க்கு ஒரே வேலையாய் இருந்தன போலும்.

இவ்விடத்தில் ஒரு கசப்பான செய்தியையும் மறைக்காமற் சொல்லவேண்டும். நம்போன்ற ஒரு சமூகச் சங்கத்தின் ஏட்டிலே இதனைச் சொல்லாது விடுதல் முறையன்று. 1902இன் இறுதியில் குஞ்சலால் கோஷ் என்னும் உபாத்தியாயர் வந்தார். அவர் பிராமணரல்லர். பிராமண மாணாக்கர் அவர் பாதத்தைத் தொட்டு வணங்கலாமோ என்னும் வினா எழுந்தது. தலைமையாசிரியராயிருந்த மனோரஞ்சனர்க்குக் கவி எழுதிய கடிதத்தில், சமூகவழக்கிற்கு மாறானதை ஆசிரமத்திற் புகுத்தலாகாது, பிராமண உபாத்தியாயரைப் பாதந்தொட்டும் ஏனையோரைக் கைகூப்பியும் மாணாக்கர் வணங்குக என்று விதித்தார். உலகமே ஒரு கூடு என்று பிற்காலத்திற் போற்றியவரும் அன்று இவ்வாறு எழுதினார். ஒரே மரத்தடியில் ஒரே பாடத்தைச் சொல்லும் இருவருள் ஒருவர்க்குப் பாதமும் ஒருவர்க்குக் கைகூப்பும் என்பதை அவ்வுபாத்தியாயர் எவ்வாறு தாங்கினாரோ! நம்முள் முதியோர் சிலர்க்கு இத்தகைய நிலை தம் வாழ்விலேயே நேர்ந்திருக்கும். அவர்க்கு யான் விளக்க வேண்டுவதில்லை.

அவ்விதி நிலைத்ததன்று. கவியின் மனம் மாறியதை 1910இல் வெளிவந்த 'கோரா' என்னும் நவீனமும், அதனையடுத்து எழுதிய 'அசலாயதனம்' என்னும் நாடகமும் காட்டும். வெளியுலகின் காற்றுப்படாது சுவரெழுப்பிச் சடங்குகளையே கற்பிக்கும் ஒரு குருகுலமும், அச்சுவர் இடிந்துவிழுதலுமே அந்நாடகத்தின் கதை. அதனைப் படிக்குந்தோறும் எனக்கு 1902ஆம் ஆண்டுக் கடிதம் நினைவுக்கு வரும். தாம் எழுப்பிய சுவரையே கவி இடிக்கின்றார் என்று எண்ணுவேன்.

துன்பம் வெளியிலிருந்தும் வந்தது. 1911ஆம் ஆண்டையொட்டி, கிழக்கு வங்காளம் அஸ்ஸாம் மாகாண அரசாங்கம் ஓர் அந்தரங்கச் சுற்றறிக்கை விடுத்தது. அரசாங்க ஊழியரின் பிள்ளைகள் கற்பதற்குப் போல்பூர்ப் பள்ளி ஏற்றதன்று என்பது அதன் சாரம். சுதேசியக் கிளர்ச்சியின் காலம் அது. தந்தையர் அஞ்சினர், பிள்ளைகள் பலர் படிப்பை இடையில் விட்டு நீங்கினர். மாணாக்கர் குறையின் ஊதியமும் குறையும் என்பது உபாத்தியாயர்க்குத் தெரியும். முன்னரும் அது நிறைந்த ஊதியமன்று. நிலைபெறாது சென்றோரும் உண்டு. சென்றவரைக் குறைகூற எனக்கு மனமில்லை, குடும்பம் யார்க்கும் உண்டு. தங்கியவர் ஏன் தங்கினர் என்பதே ஆராயத்தக்கது.

என் சிறுவயதில் ஒரு விடுதியில் யான் படித்தேன். சேர்ந்த முதல்வாரத்தில் வீட்டு நினைவால் இரவில் விழித்திருந்த என்னருகே, விளக்கணைத்தபின், ஓர் உபாத்தியாயர் வந்தமர்ந்தார். ஆறுதல் ஒன்றும் சொன்னாரல்லர். மறுநாள் வகுப்பிற் சொல்லவிருந்த கணக்கு ஒன்றை மெல்லிய குரலில் எனக்கு மாத்திரம் சொல்லி, விடையை நாளைக் காலையிற் சொல் என்று எழுந்துபோனார். விடையைத் தேடிக்கொண்டே உறங்கிவிட்டேன். காலையில் யான் விடை சொன்னபோது அவர் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சி என் மகிழ்ச்சியினும் பெரிது. விடுதிப் பள்ளியின் உபாத்தியாயர்க்கே வாய்க்கும் பேறு அது. பகற்பள்ளி உபாத்தியாயர் வினாவோடு பிள்ளையை வீட்டுக்கு அனுப்புகின்றார். விடுதியில் உறைபவரோ வினாவுக்கும் விடைக்கும் இடையிலுள்ள இரவையும் காண்கின்றார். ஜகதானந்தரும் சதீசரும் மாணாக்கரோடு ஒரே கூடத்தில் துயின்றவர்கள் என்பதை மறவற்க.

பின்வந்தோர் பலர். 1908இல், சம்பா சமஸ்தானத்துக் கல்வி உத்தியோகத்தை விட்டு க்ஷிதிமோகன சேனர் வந்தார். அவர் காசியிற் பிறந்து வளர்ந்தவர். சாதுக்கள் வாயினின்றும் கபீரின் பாடல்களைத் திரட்டியவர். பொருளியலில் நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சேன் இவருடைய மகள்வயிற்றுப் பேரர், அப்பள்ளியிலேயே படித்தவர். ஆங்கிலேயராகிய ஆண்ட்ரூசும் பியர்சனும் 1914இல் வந்து சேர்ந்தனர். பியர்சன் அப்பள்ளியைப் பற்றி 1916இல் ஒரு நூல் வெளியிட்டபோது, இறந்து பன்னிரண்டாண்டான சதீசரின் 'குருதட்சிணை'யையும் ஆங்கிலத்தில் பெயர்த்து அதனுள் சேர்த்தார். தாம் கண்டறியாத ஓர் இளைஞர்க்கு ஒரு சக உபாத்தியாயர் செய்த மரியாதை அது.

நம் தமிழ்ப் பிள்ளைகளும் அங்கே தங்கியதுண்டு. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய பீனிக்ஸ் ஆசிரமத்துப் பிள்ளைகள் 1914இன் இறுதியில் இந்தியா வந்து, அடிகள் வரும்வரை சாந்திநிகேதனத்தில் தங்கினர். அவருள் தமிழ்ச் சிறுவரும் இருந்தனர். அடிகள் வந்தபின், சமையற்காரரையும் ஏவலாளரையும் ஏன் நம்பியிருக்கின்றீர் என்று கேட்டு, 1915 மார்ச் 10ஆம் நாள் முதல் உபாத்தியாயரும் மாணாக்கருமே சமைத்து, பாத்திரம் துலக்கி, கழிவிடம் தூய்மை செய்யும்படி ஏற்பாடு செய்தார். அம்முறை நெடுநாள் நீடித்திலது. வடமொழி வல்ல பண்டிதர் அடுப்பூதியதைக் கண்ட பிள்ளைகள் அன்று கற்றது வகுப்பிற் கற்றதினும் குறைவன்று என்று நினைக்கின்றேன். இன்றும் ஆண்டுதோறும் மார்ச் 10ஆம் நாளில் அங்கே ஏவலாளர்க்கு விடுமுறை. உபாத்தியாயரும் மாணாக்கருமே அவர் வேலையைச் செய்வர்.

1921இல் அப்பள்ளி விசுவபாரதி என விரிந்தது. 1951இல் மத்திய சர்வகலாசாலையாயிற்று. 2023இல் சாந்திநிகேதனத்தை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ சேர்த்தது. ஹரிசரணர் 1957இல் விசுவபாரதியின் தேசிகோத்தமப் பட்டம் பெற்று, 1959இல் மறைந்தார். அவர் அகராதியைச் சாகித்திய அகாதெமி 1960களில் இரு பெருந்தொகுதிகளாக மீண்டும் பதிப்பித்தது. பழைய ஆசிரமப் பள்ளி பாடபவனம் என்னும் பெயரோடு அதே நிலத்தில் நடைபெறுகின்றது. மரத்தடி வகுப்புகளும் ஒழிந்தில.

நம்மவருள் யாரேனும் கல்கத்தா செல்ல நேரின், ஹௌராவில் ரயிலேறிப் போல்பூர் சென்று வரலாம். ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தூரமே. மரத்தடி வகுப்பைக் காண விரும்புவோர் காலையிற் செல்க. உரியவரிடம் முன்னரே இசைவு பெற்றுச் செல்க. புதன்கிழமையன்று செல்லற்க. ஞாயிற்றுக்குப் பதிலாக அன்றே அங்கு விடுமுறை.